ஒரே கோப்புறையில் இரண்டு ‘தோடி’: கேசட் பதிவுகளைப் பைத்தானில் ஒன்றுசேர்த்த செய்முறை

212 கேசட்டுகள், பக்கத்துக்கு ஒன்றாக 424 ஒலிக்கோப்புகள். எல்லாம் இப்போது ஒரே லினக்ஸ் வட்டில், ஒரே பெயர்முறையில், ஒவ்வொன்றும் சரிபார்க்கப்பட்டு இருக்கின்றன. நான்காவது முயற்சியில்தான் இது ஒழுங்காக வந்தது. முதல் மூன்றும் கோப்புப் பாதையில்தான் தடுக்கி விழுந்தன. கோப்புப் பாதைகளைக் கையாளும் பைத்தான் நூலகமான பாத்லிப் நல்ல கருவி. தமிழ்ப் பெயர்களோடு அதை ஓட்டும்போது எங்கெங்கே இடறுகிறது, ஏன் இடறுகிறது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். செயற்கூறுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பைத்தான் ஆவணத்தில் ஆங்கில எழுத்தில் தேடினால் உடனே கிடைக்கும்.

கையில் இருந்தவை

பழைய பதிவுகள் ஒரு மேக் கணினியின் வெளிவட்டில் இருந்தன. அந்த வட்டு எச்எஃப்எஸ் பிளஸ் முறையில் வடிவமைத்தது. பின்னால் எடுத்தவையும், சரியில்லாததால் திரும்ப எடுத்தவையும் ஒரு விண்டோஸ் மடிக்கணினியில் இருந்தன. கையடக்க ரெக்கார்டரின் மெமரி கார்டில் இன்னும் சில. எல்லாம் போய்ச் சேரவேண்டிய இடம் எக்ஸ்ட்4 முறையில் வடிவமைத்த லினக்ஸ் வட்டு. கடைசியில் விண்டோஸில் திறக்கும்படி என்டிஎஃப்எஸ் வட்டில் ஒரு பிரதியும் வேண்டும்.

இடக் கணக்கு: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 1,76,400 பைட். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம், அதாவது 47,62,80,000 பைட். 424 பக்கமும் அந்த நீளமே என்று வைத்தால் 202 ஜிபி. வேலை செய்ய ஒரு பிரதி, தொடாமல் வைக்க ஒரு பிரதி என 404 ஜிபி வேண்டும். இந்தத் தொடாத பிரதியில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டாம் முயற்சியில் ஒரு பதிவு அழிந்தபோது கைகொடுத்தது அதுதான்.

பைத்தான் 3.12 பயன்படுத்தினேன். கீழிருந்து மேலாகக் கோப்புறைகளைச் சுற்றிவரும் பாத்.வாக் அந்தப் பதிப்பில்தான் வந்தது. பெரிய கோப்புக்கு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறி) எடுக்கும் ஹாஷ்லிப்.ஃபைல்_டைஜஸ்ட் 3.11இலேயே இருக்கிறது. வெளி நூலகம் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் முயற்சி: பாதையைச் சரமாக ஒட்டியது

கேசட் எண், பக்கம், பாடகர், தலைப்பு, இடம், தேதி என்று ஒரு பட்டியல் இருந்தது. அதிலிருந்து பெயரைக் கட்டி, கூட்டல் குறியால் கோப்புறையோடு ஒட்டியதுதான் முதல் வடிவம். விண்டோஸ் பக்கம் ஓட்டியபோது பின்சாய்கோடு தகராறு செய்தது. பைத்தான் சரத்தில் பின்சாய்கோட்டுக்குப் பின் ஆங்கில எழுத்து வந்தால் அது புதிய வரியாகவோ டேப் இடைவெளியாகவோ மாறிவிடக்கூடும். பின்னால் தமிழ் எழுத்து வந்தால் பைத்தான் அதை அப்படியே விட்டுவிடுகிறது. அதனால் தமிழ்க் கோப்புறைகளோடு மட்டும் சோதித்தால் பிழை வெளியே தெரிவதில்லை. 3.12இல் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். விண்டோஸின் ‘யூசர்ஸ்’ கோப்புறைப் பாதையைச் சிற்றெழுத்திலோ பேரெழுத்திலோ அப்படியே ஒட்டினால் நிரல் தொடங்கவே தொடங்காது, ஏனென்றால் பின்சாய்கோடும் யூவும் சேர்ந்தால் பைத்தான் அதை யூனிகோட் எண்ணின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்கிறது.

தீர்வு எளிது. எங்கும் முன்சாய்கோடே எழுதலாம், விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்கிறது. டாஸ் முதல் பதிப்பில் கட்டளைகளின் விருப்பக் குறியாக முன்சாய்கோடு ஏற்கெனவே இடம்பிடித்திருந்தது. 1983இல் டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது பின்சாய்கோடுதான் மிச்சம் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக அந்த மிச்சத்தைத்தான் சுமக்கிறோம்.

பிறகு எல்லாவற்றையும் பாத்லிப்புக்கு மாற்றினேன். அதில் கோப்புறையையும் பெயரையும் வகுத்தல் குறியால் இணைக்கலாம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு இடங்களில் அது சத்தமில்லாமல் தவறாகப் போகும்.

முதலாவது, தேதி. பட்டியலில் ‘14/1/1979’ என்று இருந்ததைத் தலைப்போடு சேர்த்ததும், பாத்லிப் அந்தச் சாய்கோடுகளைக் கோப்புறைப் பிரிப்பாக எடுத்துக்கொண்டது. தாய்க் கோப்புறைகளை உருவாக்கும் ‘பேரண்ட்ஸ்’ விருப்பத்தையும் கொடுத்திருந்ததால் பிழையே வரவில்லை. ‘சென்னை 14’ என்று ஒரு கோப்புறை, உள்ளே ‘1’, அதற்குள் ‘1979’ என்ற கோப்பு. தேதியை 1979-01-14 என்று எழுதினால் சிக்கல் தீரும், வரிசையும் காலப்படி வரும்.

இரண்டாவது, இணைப்பின் வலப்பக்கத்தில் சாய்கோட்டில் தொடங்கும் சரம் வந்தால் இடப்பக்கம் முழுவதும் போய்விடும். பட்டியலில் இரண்டு வரிகள் அப்படித் தொடங்கியிருந்தன. வட்டின் வேரிலேயே எழுத முயன்று, அனுமதி இல்லை என்று நிரல் நின்றது. நிர்வாகி உரிமையோடு ஓட்டியிருந்தால் நின்றிருக்காது. இப்போது ஒவ்வொரு இலக்குப் பாதையையும் ரிசால்வ் செய்து, வேலைக் கோப்புறைக்குள்தான் இருக்கிறதா என்று இஸ்_ரிலேட்டிவ்_டூ வைத்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன். இது 3.9இலிருந்து கிடைக்கிறது.

இனிஷியலும் எக்ஸ்டென்ஷனும்

தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்கிறவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

‘டி.கே.பட்டம்மாள் - தோடி’ என்ற தலைப்பை வைத்துப் பாதை கட்டி, ஃபிளாக் என்ற ஒலி வகையின் எக்ஸ்டென்ஷனை (பெயரின் இறுதியில் கோப்பின் வகையைச் சொல்லும் பகுதி) சேர்க்க வித்_சஃபிக்ஸ் அழைத்தேன். விளைந்த கோப்பின் பெயர் ‘டி.கே’ மட்டும், அதன் பின்னால் எக்ஸ்டென்ஷன். காரணம், கடைசிப் புள்ளிக்குப் பின் இருப்பதெல்லாம் எக்ஸ்டென்ஷன் என்பது பாத்லிப்பின் கணக்கு. அதில் இடைவெளி இருக்கிறதா, இருபது எழுத்து இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ‘.பட்டம்மாள் - தோடி’ முழுவதையும் எக்ஸ்டென்ஷனாக நினைத்து அகற்றிவிட்டது.

அவருடைய தம்பி டி.கே.ஜெயராமனின் பதிவுகளும் பட்டியலில் உண்டு. அவையும் ‘டி.கே’ ஆயின. ஒலி வடிவ மாற்றியான எஃப்எஃப்எம்பெக்கை ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுத அனுமதித்திருந்தால், அக்கா, தம்பி இருவரின் கச்சேரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கடைசி ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும். அதை மேலெழுதாதே என்ற விருப்பத்தோடு ஓட்டியதால் இரண்டாவது கோப்பிலேயே நின்றது. எந்த மாற்றியை ஓட்டினாலும் அந்த விருப்பம் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

விதி இப்படி. கையில் இருப்பது உண்மையான எக்ஸ்டென்ஷன் உள்ள கோப்பு என்றால் வித்_சஃபிக்ஸ் சரி. தலைப்பிலிருந்து புதிதாகப் பெயர் கட்டுகிறீர்கள் என்றால் எக்ஸ்டென்ஷனைச் சரமாக ஒட்டிவிட்டு, அதன் பிறகு பாதையாக்குங்கள். உள்ளே வரும் கோப்புகளுக்கும் ஒரு காவல் வைத்தேன். சஃபிக்ஸை எடுத்து, எனக்குத் தெரிந்த நான்கு ஒலி வகைகளில் ஒன்றா என்று பார்த்து, இல்லையென்றால் எக்ஸ்டென்ஷனே இல்லாத கோப்பாகக் கருதுவது.

சிற்றெழுத்து, பேரெழுத்து விஷயமும் இங்கேதான் வந்தது. ரெக்கார்டர் தன் வேவ் கோப்புகளுக்குப் பேரெழுத்தில் எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தது. லினக்ஸில் சிற்றெழுத்து வடிவத்தைக் கொண்டு குளோப் செய்ததில் (பெயர் வடிவத்தை வைத்துத் தேடியதில்) அவை ஒன்றுகூட அகப்படவில்லை, பிழையும் வரவில்லை. எல்லாக் கோப்பையும் எடுத்து, சஃபிக்ஸைச் சிற்றெழுத்தாக்கி ஒப்பிடுவதே பாதுகாப்பு.

இரண்டாம் முயற்சி: கண்ணுக்கு ஒன்று, வட்டுக்கு இரண்டு

மேக்கிலிருந்தும் விண்டோஸிலிருந்தும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் மூலம் லினக்ஸ் வட்டின் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவந்த பின் எண்ணிப் பார்த்தால் 427 கோப்புகள். இருக்கவேண்டியது 424. டெர்மினலில் ஒரே பெயர் இரண்டு வரிகளில் தெரிந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாது, ஆகவே பெயர்கள் வேறுதான்.

ஒவ்வோர் எழுத்தையும் ஆர்ட் செயற்கூற்றுக்குக் கொடுத்து எண்ணாக அச்சிட்டதும் விளங்கியது:

விண்டோஸிலிருந்து வந்த ‘தோடி’: 2980, 3019, 2975, 3007
மேக்கிலிருந்து வந்த ‘தோடி’: 2980, 3015, 3006, 2975, 3007

ஓகாரக் குறிக்கு யூனிகோடில் 3019 என்று ஒற்றைக் குறியீடு உண்டு. இரட்டைக் கொம்பும் (3015) காலும் (3006) தனித்தனியாக வந்தாலும் அதே எழுத்துத்தான் என்று யூனிகோடே சொல்கிறது. சேர்ந்த வடிவம் என்எஃப்சி, பிரிந்த வடிவம் என்எஃப்டி. தமிழில் இப்படிப் பிரிபவை நான்குதான்: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, தனி எழுத்தான ஔ. எச்எஃப்எஸ் பிளஸ் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் எழுதிவைக்கும். 2017இல் மேக்கில் அதன் இடத்துக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். எக்ஸ்ட்4க்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பைட் வேறானால் கோப்பு வேறு. என்டிஎஃப்எஸ்ஸும் பிரிந்ததைச் சேர்ப்பதில்லை. பாத்லிப்பும் குறியீடுகளைத்தான் ஒப்பிடுகிறது, ஆகவே இரண்டு ‘தோடி’யும் சமமில்லை என்றே சொல்லும்.

ராகப் பெயர்களில் இது தோடியோடு நிற்பதில்லை. மோகனம், காம்போதி, ஹிந்தோளம், பைரவியோடு வரும் ‘போ’, ‘கோ’ என்று தொடங்கும் பாட்டு வரிகள் எல்லாம் அகப்படும். கல்யாணியும் சங்கராபரணமும் தப்பித்தன.

செய்த தவறு இதுதான். எல்லாக் கோப்பையும் ஆர்குளோபால் எடுத்து, யூனிகோட்டேட்டா.நார்மலைஸ் மூலம் பெயரை என்எஃப்சி ஆக்கி, ரீநேம் செய்துவிட்டேன். முதல் ஓட்டத்தில் கோப்புறைகள் முதலில் பெயர் மாறின. உள்ளே இருந்த கோப்புகளின் பழைய பாதைகள் செல்லாமல் போய், கோப்பு இல்லை என்ற பிழை வரிசையாக வந்தது. பாத்.வாக்கில் டாப்_டவுன் வேண்டாம் என்று கொடுத்து, ஆழத்திலிருந்து மேலே வந்தால் இது தீரும். இதை உடனே சரிசெய்தேன்.

அடுத்தது அப்படிக் கத்தவில்லை. ஓட்டம் பிழையின்றி முடிந்தது. எண்ணினால் 424. வேலை முடிந்துவிட்டது என்று தோன்றவைக்கும் அதே எண்.

உண்மையில் நடந்தது, லினக்ஸில் ரீநேம், இலக்குப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். விண்டோஸில் அதே வரி, கோப்பு இருக்கிறது என்று பிழை எழுப்பும். இந்த வேறுபாடு ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது. விண்டோஸில் சோதித்துவிட்டு லினக்ஸில் ஓட்டுகிறவர் அதை நினைவில் வைத்திருக்க மாட்டார்.

ஷா-256 ஹாஷ்தான் காட்டிக்கொடுத்தது. ஓட்டத்துக்கு முன் 427 கோப்புகளில் 425 வேறுபட்ட ஹாஷ்கள். அதாவது மூன்று இரட்டைகளில் இரண்டு அச்சு அசல் ஒன்று, மூன்றாவது வேறு. ஓட்டத்துக்குப் பின் 424. போன ஒன்று ஒரு காம்போதி. கேசட் தலையின் கோணத்தைத் திருத்தியபின் விண்டோஸ் மடிக்கணினியில் திரும்ப எடுத்த பதிவு அது. மேல்ஸ்தாயி தெளிவாகக் கேட்கும் அந்த 45 நிமிடத்தின்மேல் மேக்கிலிருந்த பழைய மங்கலான பதிவு உட்கார்ந்துவிட்டது. தொடாத பிரதி இருந்ததால் திரும்பக் கிடைத்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடித்திருந்தால் இது யாருக்கும் தெரிந்தே இருக்காது.

வேலை செய்த முறை

இருந்த இடத்திலேயே பெயர் மாற்றுவதை விட்டுவிட்டேன். பழைய கோப்புறையைத் தொடாமல், அதே வட்டில் பக்கத்தில் புதிய கோப்புறை மரம் ஒன்றைக் கட்டி, ஒவ்வொரு கோப்புக்கும் திருத்திய பெயரில் ஹார்ட் லிங்க், அதாவது அதே தரவுக்கு இன்னொரு பெயர், போடுவது. லிங்க் என்பதால் கூடுதல் இடம் தேவையில்லை, 202 ஜிபிக்கும் சில நொடிகளில் முடிகிறது. முக்கியமான பயன், இலக்கில் பெயர் ஏற்கெனவே இருந்தால் ஹார்ட் லிங்க் மறுத்துவிடும். பிழை எண் 17. ரீநேமிடம் இல்லாத காவல் இங்கே இயல்பாகவே இருக்கிறது.

செய்த வரிசை:

முதலில் திட்டம் மட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் வேரிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையை ரிலேட்டிவ்_டூவால் எடுத்து, என்எஃப்சி ஆக்கி, அதைச் சாவியாக வைத்து ஒரு அகராதியில் பழைய பாதைகளைச் சேர்ப்பது. வட்டில் எதையும் தொடுவதில்லை.

சாவிக்கு ஒரு பாதை என்றால் நேரே லிங்க். ஒன்றுக்கு மேல் என்றால் ஹாஷ் ஒப்பீடு. ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கு மட்டும் லிங்க். வேறாக இருந்தால் இரண்டுக்கும் போட்டு, பெயரின் இறுதியில் மூல இடத்தைச் சேர்த்து, காதால் கேட்டு முடிவுசெய்யத் தனிப் பட்டியலில் எழுதுவது.

திட்டத்தைக் கோப்பாக எழுதி, கண்ணால் ஒருமுறை படித்த பிறகே இரண்டாம் கட்டம்.

லிங்க் போடப் பாத்லிப்பில் ஹார்ட்லிங்க்_டூ இருக்கிறது. புதிய பாதையின்மேல் அழைத்து, பழைய பாதையை உள்ளே கொடுக்கவேண்டும். முன்பு இருந்த லிங்க்_டூவில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. 3.12இல் அதை நீக்கிவிட்டார்கள், பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எழுதினால் கவனம். வேறு வட்டுக்கு லிங்க் போடமுடியாது, பிழை எண் 18 வரும். இன்னொன்று: இரண்டு பெயரும் ஒரே தரவைத்தான் சுட்டுகின்றன. பாடகர், தலைப்பு போன்ற விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதித் திருத்தும் டேக் நிரல் ஒன்றை ஓட்டினால் பழைய மரத்திலிருப்பதும் மாறிவிடும். டேக் வேலையை வேறு வட்டுக்கு நகலெடுத்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

என்எஃப்சி தீர்க்காதவை

மூன்றாம் முயற்சி இந்த இடத்தில் தவறியது. இரட்டைகள் ஒழிந்துவிட்டன என்று நம்பினேன், பட்டியலோடு ஒப்பிட்டால் 11 கோப்புகள் பொருந்தவில்லை.

‘மாயாமாளவகௌளை’ ஒழுங்காக எழுதினால் 12 குறியீடு, 36 பைட். ஆனால் பலர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பையும் (3014) ளகர எழுத்தையும் (2995) தட்டிவிடுகிறார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோட் பார்வையில் இது வேறு சொல். நார்மலைஸ் இதைத் தொடாது. ஒற்றைக் கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரமாக்கு என்று கண்மூடித்தனமாக விதி எழுதவும் முடியாது, ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் சிதைந்துவிடும். கௌளை, ரீதிகௌளை, கேதாரகௌளை, நாராயணகௌளை, சௌராஷ்டிரம் என்று ராகப் பெயர்களின் சிறு அட்டவணை ஒன்றை வைத்து அவற்றை மட்டும் மாற்றினேன்.

‘ஸ்ரீ’யும் இரண்டு. ஸகரத்தில், அதாவது 3000இல், தொடங்குவது ஒன்று. 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில், அதாவது 2998இல், தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஸ்ரீரஞ்சனி இரண்டு கோப்புறைகளாகப் பிரிந்து கிடந்தது. ஒன்றை முடிவுசெய்து மற்றதை மாற்றுங்கள், எது என்பது உங்கள் விருப்பம்.

கண்ணுக்கே தெரியாதவை 8204 எண்ணுள்ள இணைப்புத்தடுப்பியும் 160 எண்ணுள்ள உடையா இடைவெளியும். இணையப் பக்கத்திலிருந்து தலைப்பை ஒட்டும்போது வருபவை. முதலாவதை நீக்கி, இரண்டாவதைச் சாதாரண இடைவெளியாக்கி, அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாக்கினேன்.

நீளம்: லினக்ஸ் பைட்டை எண்ணும், விண்டோஸ் வேறு எண்ணும்

எக்ஸ்ட்4இல் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட், ஆகவே 85 குறியீடுதான். மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் குறி என்று ஒவ்வொன்றும் தனிக் குறியீடு என்பதால் எழுத்துக்கணக்கில் இன்னும் குறையும். ‘மதுரை மீனாட்சி அம்மன் கோயில் நவராத்திரிக் கச்சேரி’ என்பது 25 எழுத்து, 44 குறியீடு, இடைவெளிகளோடு 137 பைட். இதற்குப் பின் பாடகர், ராகம், தேதி என்று அடுக்கினால் 255 தாண்டிவிடும். பிழை எண் 36, பெயர் மிக நீளம்.

இசிரிப்ட்எஃப்எஸ் முறையில் மறையாக்கிய கோப்புறை என்றால் எல்லை 143 பைட். மேற்சொன்ன பெயர் ஃபிளாக் எக்ஸ்டென்ஷனின் 5 பைட்டோடு 142, இடம் கொள்கிறது. அதே பெயர் என்எஃப்டியில் ‘கோ’ பிரிவதால் 145, இடம் கொள்ளாது. ஒரே பெயர் ஒரு கணினியிலிருந்து வந்தால் ஏறுகிறது, இன்னொன்றிலிருந்து வந்தால் ஏறவில்லை என்றால் இதைப் பாருங்கள்.

வெட்டும்போது பைட்டில் வெட்டி, எஞ்சியதைப் பிழைகளை விட்டுவிட்டு டிகோட் செய்தால் குறியீடு உடையாது, எழுத்து உடையும். ‘தோ’வின் ஓகாரம் போய் ‘த’ மட்டும் நிற்கும். எல்லைக்கு முன்னுள்ள கடைசி இடைவெளியில் வெட்டுவதே நல்லது. எக்ஸ்டென்ஷனுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிவிடவேண்டும்.

விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 யூடிஎஃப்-16 அலகு, அது தாராளம். இடிப்பது முழுப் பாதை: முடிவுக் குறியோடு சேர்த்து 260. கோப்புறை உருவாக்க 248க்குள் இருக்கவேண்டும், உள்ளே எட்டும் மூன்றுமான பழைய பாணிப் பெயர் ஒன்றுக்கு இடம் விடுவதற்காக. எல்லை தாண்டினால் பல சமயம் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்றுதான் வரும். கோப்பு கண்முன்னே இருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் முதலில் பாதையின் நீளத்தை எண்ணுங்கள். விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு முதல் ரெஜிஸ்ட்ரியில் நீண்ட பாதையை அனுமதிக்கும் அமைப்பு உண்டு. பைத்தான் 3.6 முதல் அதை மதிக்கிறது. ஆனால் அந்த வட்டைத் திறக்கப்போவது யாருடைய கணினியோ என்பதால், முழுப் பாதையும் 200 அலகுக்குள் இருக்கும்படி பெயர்களைச் சுருக்கினேன்.

என்டிஎஃப்எஸ் பிரதி

கேள்விக்குறி, முக்காற்புள்ளி எனும் இரட்டைப் புள்ளி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள், செங்குத்துக் கோடு, கோணக் குறிகள், இரண்டு சாய்கோடுகள் ஆகியவை விண்டோஸ் பெயரில் ஆகாது. இவற்றில் மோசமானது இரட்டைப் புள்ளி. விண்டோஸில் ஓட்டும் பைத்தானில் ‘கச்சேரி 1: தோடி’ என்ற பெயரில் எழுதினால் பிழை வராது. ‘கச்சேரி 1’ என்று 0 பைட் கோப்பு ஒன்று தெரியும். ஒலி முழுவதும் அந்தக் கோப்பின் மாற்றுத் தரவோடை ஒன்றுக்குள் மறைந்திருக்கும். ஃபேட் வட்டுக்கு நகலெடுத்தால் அது போயே போய்விடும்.

இனிஷியல் இங்கேயும் வந்தது. ‘ஜி.என்.பி.’ என்று புள்ளியில் முடியும் கோப்புறையை லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ் வட்டில் உருவாக்க முடியும். விண்டோஸ், பெயரின் இறுதிப் புள்ளியையும் இடைவெளியையும் அகற்றிவிட்டுத் தேடுவதால் அதைத் திறக்காது, அழிக்கவும் விடாது. என்டிஎஃப்எஸ்-3ஜி கொண்டு மவுண்ட் செய்யும்போது விண்டோஸ்_நேம்ஸ் விருப்பத்தைக் கொடுத்தால் இப்படிப்பட்ட பெயர்களை லினக்ஸே மறுத்துவிடும். பெயர் மாற்றும் நிரலில் இறுதிப் புள்ளியை நீக்குவதும் சேர்த்தேன். இரட்டைப் புள்ளிக்குப் பதில் சிறுகோடு, கேள்விக்குறி நீக்கம்.

விண்டோஸ் பாதை விதிகளை லினக்ஸிலிருந்தே சோதிக்க பியூர்விண்டோஸ்பாத் உதவும். அது வட்டைத் தொடாமல் பெயரை மட்டும் பிரித்துப் பார்க்கும். நீளத்தை எண்ணவும் இதையே பயன்படுத்தினேன்.

பட்டியல் கோப்பு

ஒவ்வொரு பதிவுக்கும் சார்புப் பாதை, பைட் அளவு, ஷா-256 ஆகிய மூன்றையும் சிஎஸ்வியாக எழுதினேன். பாதையை ஆஸ்_பாசிக்ஸ் மூலம் எழுதுங்கள். இல்லையென்றால் விண்டோஸில் எழுதியதும் லினக்ஸில் எழுதியதும் சாய்கோட்டில் வேறுபடும். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கைக் கட்டாயம் கொடுக்கவேண்டும். விண்டோஸில் கொடுக்காமல் விட்டால் பழைய மேற்கத்திய எழுத்துத்தொகுதியில் எழுத முயன்று முதல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிடும். எக்செலில் திறக்கவேண்டும் என்றால் யூடிஎஃப்-8-சிக் என்ற வடிவம். இரட்டைச் சொடுக்கில் திறந்தாலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

வட்டிலிருந்து நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 202 ஜிபிக்கும் ஹாஷ் எடுக்க 34 நிமிடம். இரண்டு மரத்துக்கும் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்கவேண்டாம்.

இதை இரவில் தானாக ஓடும்படி கிரானில் வைத்தபோது பட்டியல் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. கிரான் ஓட்டும்போது நடப்புக் கோப்புறை வீட்டுக் கோப்புறை. நிரல் கோப்பின் இருப்பிடத்தைக் கொண்டு தொடக்கப் பாதையைக் கணக்கிட்டதும் சரியானது.

அடுத்த முறை

கேசட்டைப் பதிவுசெய்யும் நிமிடத்திலேயே பெயரின் தொடக்கத்தில் நான்கு இலக்க எண்ணும் பக்க எழுத்தும் வைப்பேன்: ‘0147-அ தோடி’. ஒப்பீடெல்லாம் அந்த எண்ணின் மேல் நடக்கும், ஓகாரம் எப்படிப் பிரிந்தாலும் கவலையில்லை. தமிழ்ப் பெயரே வேண்டாம், ஆங்கிலத்தில் வைத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். அதை ஏற்கமாட்டேன். இந்த வட்டைத் திறக்கும் பெரியவர்கள் ராகத்தின் பெயரைத் தமிழில் படித்துத்தான் எதைக் கேட்பது என்று தேர்வார்கள்.

பாடகர், இடம், தேதி ஆகியவற்றைக் கோப்புப் பெயரிலிருந்து எடுத்து டேக்குக்குள் மாற்றுவேன், 255 பைட் சண்டை அதோடு ஓயும். மேக்கிலிருந்து எடுக்கும்போது ஆர்சிங்கின் ஐகான்வ் விருப்பத்தைக் கொடுத்தால் பெயர்கள் வழியிலேயே சேர்ந்த வடிவத்துக்கு வந்துவிடும். அதை முதலிலேயே செய்திருந்தால் இரட்டைகள் உருவாகியே இருக்காது.

கேட்டு முடிவுசெய்யவேண்டிய பட்டியலில் இப்போது அந்தக் காம்போதி ஒன்றுதான். புதிய பதிவில் இரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு ஒரு சிறு அறுபடல் இருக்கிறது, பழையதில் இல்லை. இரண்டையும் வைத்திருக்கிறேன்.